லாகின் பெட்டி ஓயவில்லை, கோப்பு சேமிக்கவில்லை: வெப்டாவ் சர்வர் ஒன்றைச் சரிசெய்த பதிவு

சர்வர் உபுண்டு 22.04. கோப்புகளைக் கொடுப்பது அப்பாச்சி 2.4 என்ற வலைச் சர்வர் மென்பொருள். வெப்டாவ் என்பது சர்வரில் இருக்கும் கோப்புகளை வலை வழியாகவே திறந்து, திருத்தி, சேமிக்க விடும் முறை. அப்பாச்சியில் டாவ், டாவ்_எஃப்எஸ் என்ற இரண்டு மாட்யூல்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. அப்பாச்சிக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் ப்ராக்ஸியாக, என்ஜின்எக்ஸ் நிற்கிறது. எச்டிடிபிஎஸ் சான்றிதழ் அதனிடம்தான் இருக்கிறது. அங்கிருந்து அப்பாச்சிக்கு, அதே கணினிக்குள், 8080 போர்ட்டில் வெறும் எச்டிடிபி. பயனர்கள் பக்கம் பெரும்பாலும் விண்டோஸ் 10, 11. சர்வர் கோப்புறை இசட் டிரைவாக இணைக்கப்பட்டிருக்கிறது. வேர்ட், எக்செல், லிப்ரேஆஃபிஸ் மூன்றும் புழக்கத்தில் உண்டு. லினக்ஸ் கணினிகள் இரண்டு.

வந்த புகார்கள் நான்கு. பாஸ்வேர்டைச் சரியாக அடித்தாலும் சிலருக்கு மட்டும் லாகின் பெட்டி மறுபடி மறுபடி வருகிறது. வேர்ட் கோப்புகள் "படிக்க மட்டும்" என்று திறக்கின்றன. புதிதாக ஒரு கோப்பைப் போட்டால் பெயர் தெரிகிறது, அளவு 0 பைட். எக்ஸ்புளோரரில் கோப்பின் பெயரை மாற்ற முடியவில்லை. நான்கும் ஒரே வாரத்தில் வந்ததால் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றும். தோண்டியபோது ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் இருந்தது.

சேமிப்பது ஒரு வேலை இல்லை

சேவ் பட்டனை ஒரு தடவைதான் அழுத்துகிறோம். ஆனால் சர்வருக்குப் போவது ஒரு கோரிக்கை அல்ல, ஒரு வரிசை. விண்டோஸில் டிரைவாக இணைத்த வெப்டாவ் கோப்புறைக்குள் புதிய கோப்பு ஒன்றை இழுத்துப் போட்டால், அப்பாச்சியின் பதிவுக் கோப்பில் ஏறக்குறைய இந்த வரிசையில் வரிகள் விழும்: முதலில் ப்ராப்ஃபைண்ட், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. இல்லை என்றால் 404, அதாவது காணவில்லை என்ற பதில் எண், வரும். இந்த 404 பிழை இல்லை, அப்படித்தான் வர வேண்டும். அடுத்து 0 பைட்டோடு ஒரு புட், அதாவது பதிவேற்றம். பிறகு லாக், அதாவது பூட்டு. பிறகு ப்ராப்பேட்ச், கோப்பின் தேதிகளைப் பதிய. அதன் பிறகுதான் உள்ளடக்கத்தோடு இரண்டாவது புட். கடைசியில் இன்னொரு ப்ராப்பேட்ச், அன்லாக்.

இந்தச் சங்கிலியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். விண்டோஸ் காட்டும் பிழைச் செய்தி எந்தக் கண்ணி அறுந்தது என்று சொல்வதில்லை, பதிவுக் கோப்பு சொல்லும். அதனால் அமைப்புக் கோப்பு எதையும் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது: ஒரே ஒரு கணினியில் பிழையை மறுபடி வரவழைத்து, அதே நேரத்தில் சர்வரில் என்ஜின்எக்ஸ் பதிவையும் அப்பாச்சி பதிவையும் இரண்டு திரைகளில் ஓடவிட்டுப் பார்ப்பது. எந்தக் கோரிக்கை, எந்த எண் என்ற இரண்டும் கிடைத்தால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

வரியின் கடைசியில் இருக்கும் கிளையண்ட் பெயரையும், அதாவது சர்வரிடம் பேசும் மென்பொருளின் பெயரையும், பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினி ஒன்றிலிருந்து இரண்டு வெவ்வேறு கிளையண்ட்கள் பேசும். டிரைவ் இணைப்பை நடத்துவது வெப்கிளையண்ட் சேவை. அது பதிவில் "மைக்ரோசாஃப்ட் வெப்டாவ் மினிரீடைர்" என்று வரும். வேர்டும் எக்செலும் கோப்பு வெப்டாவ் சர்வரில் இருப்பதைக் கண்டுகொண்டால், இசட் டிரைவிலிருந்து திறந்தாலும் பல சமயம் சர்வரிடம் நேராகப் பேசப் போய்விடும். அப்போது "மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ்" என்று வரும். இரண்டும் பாஸ்வேர்டைத் தனித்தனியாகக் கேட்கலாம். டிரைவை இணைக்கும்போது ஒரு தடவை, வேர்டில் திறக்கும்போது இன்னொரு தடவை பெட்டி வருவதற்கு இதுதான் காரணம். இரண்டாவது பெட்டியைப் பார்த்து பாஸ்வேர்டு தவறு என்று முடிவு செய்யக் கூடாது.

401 எல்லாம் பிழை இல்லை

லாகின் பெட்டியைத் துரத்தும்போது எல்லோரும் முதலில் தேடுவது 401, அதாவது லாகின் வேண்டும் என்ற பதில். பதிவில் 401 நிறைய இருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். கிளையண்ட் முதல் கோரிக்கையைப் பாஸ்வேர்டு இல்லாமல்தான் அனுப்பும். சர்வர் 401 சொல்லி, எந்த முறையில் லாகின் செய்ய வேண்டும் என்று தலைப்பு வரியில் தெரிவிக்கும். அதன் பிறகே கிளையண்ட் பாஸ்வேர்டோடு அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். 401, உடனே பின்னால் 200 அல்லது 207 என்ற வெற்றி எண் என்றால் எல்லாம் ஒழுங்கு. 401, 401, 401 என்று அடுக்கி வந்தால்தான் கோளாறு.

கோளாறான 401-க்கு விளக்கம் அப்பாச்சியின் பிழைப் பதிவில் இருக்கும். ஏஎச்01617 என்று தொடங்கினால் பயனர் பெயர் சரி, பாஸ்வேர்டு பொருந்தவில்லை. ஏஎச்01618 என்றால் அந்தப் பெயரில் பயனரே இல்லை. இரண்டாவது வரியில் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று உன்னிப்பாகப் பாருங்கள். பெயருக்கு முன்னால் டொமைன் பெயரும் பின்சாய்வுக் கோடும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அப்பாச்சிக்கு அது வேறொரு ஆள்.

இந்தச் சர்வரில் நடந்தது இன்னும் வினோதம். பெட்டி ஓயாமல் வந்த பயனர்களின் பெயர் அப்பாச்சி பதிவில் இல்லவே இல்லை. என்ஜின்எக்ஸ் பதிவில் மட்டும் 401 இருந்தது. அதாவது கோரிக்கை அப்பாச்சியை எட்டவே இல்லை. என்ஜின்எக்ஸ் அமைப்பைத் திறந்தால் அங்கேயும் ஒரு லாகின் வரி, அதற்கென்று தனிப் பாஸ்வேர்டு கோப்பு. அப்பாச்சியில் இன்னொரு லாகின், இன்னொரு கோப்பு. கிளையண்ட் அனுப்பும் லாகின் தலைப்பு ஒன்றுதான். என்ஜின்எக்ஸ் அதைச் சரிபார்த்துவிட்டு அப்படியே அப்பாச்சிக்கும் கடத்துகிறது. இரண்டு கோப்பிலும் பாஸ்வேர்டு ஒன்றாக இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பாஸ்வேர்டு மாற்றியவர்களுக்கு அப்பாச்சி கோப்பு மட்டும் புதுப்பிக்கப்பட்டிருந்தது. புதிய பாஸ்வேர்டை என்ஜின்எக்ஸ் ஏற்காது, பழையதை அப்பாச்சி ஏற்காது. எதை அடித்தாலும் பெட்டி திரும்பி வரும்.

தீர்வு: லாகின் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அது அப்பாச்சியில் இருப்பது நல்லது. பூட்டு யாருடையது என்று பதிவதற்கு வெப்டாவ் மாட்யூலுக்குப் பயனர் பெயர் தேவை. என்ஜின்எக்ஸ் லாகின் வரியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றியதும் முதல் புகார் தீர்ந்தது.

பாஸ்வேர்டு கோப்பைத் தொடும்போது கவனிக்க வேண்டியவை சில. பாஸ்வேர்டு கோப்பை எழுதும் எச்டிபாஸ்வேர்டு கட்டளையில் சி என்ற ஸ்விட்ச் புதுக் கோப்பை உருவாக்குவதற்கு. இருக்கும் கோப்பின் மேல் அதைப் பயன்படுத்தினால் பழைய பயனர்கள் அத்தனை பேரும் அழிந்து, கடைசியாகச் சேர்த்தவர் மட்டும் மிஞ்சுவார். பயனரைச் சேர்க்க அந்த ஸ்விட்ச் இல்லாமல் ஓட்ட வேண்டும். கோப்பின் உரிமை ரூட், குழு அப்பாச்சியின் குழு, அனுமதி 640. அப்பாச்சியால் அதைப் படிக்க முடியாவிட்டால் 401 வராது, 500 என்ற சர்வர் பிழை வரும். பிகிரிப்ட் என்ற மறைகுறியாக்க முறையில் பாஸ்வேர்டை வைப்பது நல்ல பழக்கம், ஆனால் அதன் கடுமை எண்ணை 12, 13 என்று ஏற்றிவிடாதீர்கள். வெப்டாவில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பாஸ்வேர்டு சரிபார்க்கப்படுகிறது. எக்ஸ்புளோரரில் ஒரு கோப்புறையைத் திறந்தாலே கோரிக்கைகள் வரிசையாக விழும், சிபியு திணறும். கடுமை வேண்டும் என்றால் ஆத்என்_சோகேஷ் மாட்யூலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சரிபார்த்த முடிவைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

தோற்ற லாகின்களைப் பதிவில் பார்த்து முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஓடும் சர்வர் என்றால் இன்னொரு ஆபத்து. அணுகல் பதிவில் 401 எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தடை போடும் வடிகட்டி எழுதியிருந்தால், ஒழுங்கான பயனர்களே முதலில் மாட்டுவார்கள். பிழைப் பதிவைப் படிக்கும் வடிகட்டியைத்தான் வைக்க வேண்டும். அதோடு, ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் அப்பாச்சிக்கு எல்லோருடைய முகவரியும் 127.0.0.1 என்றுதான் தெரியும். ரிமோட்ஐபி மாட்யூலை இயக்கி உண்மையான முகவரியை எடுக்காவிட்டால் தடை யார் மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

விண்டோஸ் பக்கத்துக் கதவுகள்

சர்வர் சரியானாலும் விண்டோஸ் தன் பங்குக்கு மறுக்கலாம். விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், வெப்கிளையண்ட் சேவையின் பாராமீட்டர்ஸ் பகுதியில், பேசிக்ஆத்லெவல் என்ற மதிப்பு இருக்கிறது. 0 என்றால் பேசிக் லாகின் அறவே கிடையாது. 1 என்றால் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும், இதுதான் தானாக இருக்கும் மதிப்பு. 2 என்றால் வெறும் எச்டிடிபியிலும் சரி. இணையத்தில் எங்கும் 2 ஆக்கச் சொல்லித்தான் எழுதியிருப்பார்கள். செய்யாதீர்கள். பேசிக் முறையில் பாஸ்வேர்டு வெறும் பேஸ்64 எழுத்தாகப் போகிறது, அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் படித்துவிடலாம். சர்வரில் ஒழுங்கான சான்றிதழைப் போட்டு மதிப்பை 1 ஆகவே விடுவதுதான் சரி. சொந்தமாகக் கையெழுத்திட்ட சான்றிதழ் என்றால் அதைக் கணினி அளவிலான நம்பகமான ரூட் பட்டியலில் சேர்க்க வேண்டும்; பிரவுசரில் எச்சரிக்கையைத் தாண்டிப் போவதுபோல டிரைவ் இணைப்பில் தாண்ட முடியாது.

டிரைவை இணைக்கும் நெட் யூஸ் கட்டளையில் பிழை 67 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெப்கிளையண்ட் சேவை ஓடுகிறதா என்பதை. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் இந்தச் சேவையைக் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்தது, புதிய விண்டோஸில் அது தானாகத் தொடங்குவதில்லை. சர்வீசஸ் பட்டியலில் தானியங்கி என்று மாற்றிவிட வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் எதை மாற்றினாலும் இதே சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் பலிக்கும்.

விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் க்ரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு தங்கியிருப்பது இன்னொரு வழக்கமான காரணம். விண்டோஸ் க்ரெடென்ஷியல்ஸ் பகுதியில் சர்வர் பெயரில் இருக்கும் பதிவை நீக்கி, டிரைவைத் துண்டித்து, புதிதாக இணைக்க வேண்டும்.

புதிய ஆஃபிஸ் பதிப்புகளில் பேசிக் லாகின் பெட்டியே வராமல், பாதுகாப்பற்ற முறை என்பதால் தடுத்துவிட்டோம் என்று செய்தி வரும். இது சர்வர் கோளாறு இல்லை. பேசிக் பெட்டி காட்ட அனுமதிக்கப்பட்ட சர்வர்களின் பட்டியல் என்று ஆஃபிஸ் பாலிசியில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் சர்வரின் முழுப் பெயரைச் சேர்த்தால் போதும். அதைச் சேர்க்காமல் சர்வரை நோண்டிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கப் போகும்.

ஆத்ஃபார்வர்ட்சர்வர்லிஸ்ட் என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பைச் சேர்க்கச் சொல்லும் அறிவுரையும் அடிக்கடி கண்ணில் படும். அது மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட்போல விண்டோஸ் லாகினையே பயன்படுத்தும் சர்வர்களுக்கு. பெயரில் புள்ளி இருக்கும் சர்வரை விண்டோஸ் வெளி இணையம் என்று எடுத்துக்கொண்டு லாகினைத் தானாக அனுப்ப மறுக்கும், அந்த மறுப்பை நீக்குவதற்கான பட்டியல் அது. பேசிக் முறை சர்வரில் அதைச் சேர்த்து எந்தப் பயனும் இல்லை. ஷேர்பாயிண்ட் என்றதும் ஒன்று: அந்தச் சர்வரிலேயே உட்கார்ந்து முழுப் பெயரால் திறந்து சோதித்தால், தன்னையே அழைக்கும் இணைப்பைத் தடுக்கும் லூப்பேக் சோதனை குறுக்கிட்டு மூன்று முறை பெட்டியைக் காட்டி 401.1 சொல்லும். வேறு கணினியிலிருந்து சோதிக்க வேண்டும், அல்லது பேக்கனெக்‌ஷன்ஹோஸ்ட்நேம்ஸ் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும்.

"படிக்க மட்டும்": பூட்டு வைக்க இடமில்லை

இரண்டாவது புகாருக்குப் பதிவில் கிடைத்தது லாக் கோரிக்கைக்கு 500. வேர்ட் ஒரு கோப்பைத் திருத்துவதற்குத் திறக்கும் முன் பூட்டு கேட்கும். கிடைக்காவிட்டால் படிப்பதற்கு மட்டும் திறந்துவிடும். கோப்பின் அனுமதியை 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், ஆக்கிப் பார்ப்பார்கள், ஒன்றும் மாறாது. கோளாறு கோப்பில் இல்லை.

அப்பாச்சி பூட்டுகளைத் தனியாக ஒரு சிறு தரவுத்தளத்தில் வைக்கிறது. அதன் இடத்தை டாவ்லாக்டிபி என்ற வரி சொல்கிறது. இங்கே அது /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ கோப்புறையைக் காட்டியது. அந்தக் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தம். அப்பாச்சி ஓடுவதோ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக. தரவுத்தளம் என்பது உண்மையில் பேக், டிர் என்ற பின்னொட்டுகளோடு இரண்டு கோப்புகள். அவற்றை உருவாக்க வேண்டுமென்றால் கோப்புறையிலேயே எழுதும் உரிமை வேண்டும். டச் கட்டளையால் வெறும் கோப்பு ஒன்றை உருவாக்கி உரிமை கொடுத்துவிட்டால் தீராது.

ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. சர்வரின் வசதிகளைக் கேட்கும் ஆப்ஷன்ஸ் கோரிக்கைக்கு அப்பாச்சி "டாவ்: 1,2" என்று பதில் சொல்லும். 2 என்றால் பூட்டு வசதி உண்டு என்று பொருள். தரவுத்தளம் திறக்காத நிலையிலும் அந்த 2 வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஆப்ஷன்ஸ் பதிலைப் பார்த்து பூட்டு வேலை செய்கிறது என்று நம்பக் கூடாது, லாக் அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

செய்தது: /வார்/லிப்/ கீழே டாவ் என்று புதுக் கோப்புறை, உரிமை அப்பாச்சி பயனருக்கு, அனுமதி 750. டாவ்லாக்டிபி வரியை அங்கே திருப்பி, அப்பாச்சியை மறுதொடக்கம். /வார்/லாக்/ கீழே நாமாக ஒரு கோப்புறை செய்து வைப்பது சரிவராது. அது நினைவகத்தில் இருக்கும் இடம், சர்வரை அணைத்துப் போட்டால் கோப்புறை காணாமல் போய், பூட்டுப் பிரச்சினை திரும்பி வரும். ரெட் ஹேட் வகைச் சர்வர் என்றால் உரிமைகள் சரியாக இருந்தும் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுக்கலாம். கோப்புறைக்கு எழுதும் வகை லேபிள் தர வேண்டும்.

இதோடு சேர்த்து ஒவ்வொரு ஆவணக் கோப்புறையின் உரிமையையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. டாவ்_எஃப்எஸ் எழுதும்போது பழைய கோப்பின் மேல் நேராக எழுதுவதில்லை. அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி முடித்துப் பெயர் மாற்றுகிறது. அதனால் கோப்பின் உரிமையை விடக் கோப்புறையின் உரிமை முக்கியம். தேதிகளைப் பதியும் ப்ராப்பேட்சுக்கோ, ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் .டாவ் என்ற மறைந்த கோப்புறை தேவை. காப்பு நகலிலிருந்து ரூட் பயனராக ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கட்டளையைப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்த இரண்டு கோப்புறைகளில் இந்த .டாவ் ரூட்டுக்குச் சொந்தமாக மாறியிருந்தது. அங்கே மட்டும் சேமிப்பு பாதியில் நின்றது. மரம் முழுவதற்கும் உரிமையை ஒரே மூச்சில் மாற்றியதும் சரியானது.

0 பைட் கோப்பு

மேலே சொன்ன சங்கிலியை நினைவில் கொண்டால் இது தானாகவே விளங்கும். முதல் புட் 0 பைட்டோடு போய் வெற்றி பெறுகிறது, அதனால் பெயர் தெரிகிறது. உள்ளடக்கம் ஏந்தி வரும் இரண்டாவது புட் அடிபடுகிறது, அதனால் அளவு ஏறவில்லை. என்ஜின்எக்ஸ் பதிவில் அந்த இரண்டாவது புட்டுக்கு 413, அதாவது அளவு மீறிவிட்டது. என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிக்கும் அளவு 1 எம்பி மட்டுமே. கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற அமைப்பை 512 எம்பி ஆக்கியதும் கோப்புகள் முழுதாக வந்தன. சிறிய வேர்ட் கோப்புகளுக்குப் புகார் வராமல் படம் வைத்த அறிக்கைகளுக்கு மட்டும் வந்ததற்கும் இதுவே காரணம்.

அளவுக்கான வரம்புகள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன, எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடுவது நல்லது. அப்பாச்சியின் லிமிட்ரிக்வெஸ்ட்பாடிக்கு 2.4.53 வரை எல்லை கிடையாது, 2.4.54 முதல் 1 ஜிபி. விண்டோஸ் வெப்கிளையண்டுக்கு ஃபைல்சைஸ்லிமிட்இன்பைட்ஸ் என்ற வரம்பு 5,00,00,000 பைட், அதாவது ஏறக்குறைய 47.7 எம்பி. அதற்கு மேல் போனால் 0x800700டிஎஃப் என்ற பிழை. இதை அதிகபட்சம் 4 ஜிபி வரை ஏற்றலாம், பதின்ம எண்ணில் 4294967295. அதற்கும் மேலே வெப்கிளையண்ட் வழியாக வழியில்லை.

சர்வரில் கோப்புகள் இருந்தும் எக்ஸ்புளோரரில் கோப்புறை காலியாகத் தெரிந்தால் அது வேறொரு வரம்பு. பட்டியலுக்கான பதில் 10,00,000 பைட்டைத் தாண்டினால் வெப்கிளையண்ட் கைவிட்டுவிடும். ஒரு கோப்புக்கு ஏறக்குறைய 1 கேபி என்று வைத்தால் ஆயிரம் கோப்புகளுக்கு மேல் ஒரே கோப்புறையில் குவித்தவர்களுக்கு இது நடக்கும். ஃபைல்அட்ரிப்யூட்ஸ்லிமிட்இன்பைட்ஸ் மதிப்பை ஏற்றலாம், ஆனால் ஆண்டுவாரியாகக் கோப்புறை பிரிப்பதே மேல்.

வட்டு நிறைந்திருந்தால் எண் 507. மெதுவான இணைப்பில் பெரிய கோப்பு பாதியில் அறுந்து 408 வந்தால் ரிக்டைம்அவுட் மாட்யூலின் குறைந்தபட்ச வேகத்தைப் பாருங்கள். இசட் டிரைவில் காட்டும் காலி இடத்தை மட்டும் நம்ப வேண்டாம். விண்டோஸ் அங்கே பெரும்பாலும் சி டிரைவின் கணக்கைத்தான் காட்டும்.

பெயர் மாற்றினால் 502

அதிக நேரம் எடுத்தது இதுதான். 502 என்றதும் என்ஜின்எக்ஸால் அப்பாச்சியை எட்ட முடியவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே 502 அப்பாச்சியின் சொந்தப் பதிவிலும் இருந்தது. எட்டியிருக்கிறது, அப்பாச்சியே 502 சொல்லியிருக்கிறது.

பெயர் மாற்றுவது வெப்டாவில் மூவ் கோரிக்கை. போக வேண்டிய புதிய இடம் டெஸ்டினேஷன் என்ற தலைப்பில் முழு முகவரியாக வரும், எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும். என்ஜின்எக்ஸ் தலைப்பைத் தொடாமல் அப்படியே கடத்துகிறது. அப்பாச்சிக்குத் தான் வெறும் எச்டிடிபி, 8080 போர்ட் என்றுதான் தெரியும். எச்டிடிபிஎஸ் முகவரியைப் பார்த்ததும் வேறொரு சர்வருக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்று எண்ணி மறுத்துவிடுகிறது. பெயர் மாற்றுவது மட்டும் இல்லை, ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு இழுப்பதும், தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பெயர் மாற்றிச் சேமிக்கும் மென்பொருள்களும் இதே இடத்தில் விழும்.

பரவலாகச் சொல்லப்படும் மருந்து, ஹெடர்ஸ் மாட்யூலைக் கொண்டு டெஸ்டினேஷனில் எச்டிடிபிஎஸ்ஸை எச்டிடிபி என்று மாற்றுவது. அப்பாச்சி 80 போர்ட்டில் இருந்தால் அது போதும். 8080 மாதிரி வேறு போர்ட்டில் இருந்தால் போர்ட் பொருந்தாமல் மறுபடி தகராறு வரலாம். இன்னும் திடமான வழி, முகவரியின் தொடக்கத்திலிருந்து சர்வர் பெயர் முடியும் வரை வெட்டிவிட்டு, சாய்வுக் கோட்டில் தொடங்கும் பாதையை மட்டும் விடுவது. வெப்டாவ் தரமான ஆர்எஃப்சி 4918, 2007-இல் வந்தது, டெஸ்டினேஷனில் வெறும் பாதை வருவதை அனுமதிக்கிறது. அப்பாச்சியும் ஒப்புக்கொள்கிறது. ரிக்வெஸ்ட்ஹெடர் எடிட் வரியை விர்ச்சுவல்ஹோஸ்ட் பகுதியில் நேரடியாக, கடைசியில் ஏர்லி என்ற சொல்லோடு போட வேண்டும். டைரக்டரி, லொக்கேஷன் பகுதிகளுக்குள் அந்தச் சொல்லை அப்பாச்சி ஏற்காது. போட்டு மறுபடி ஏற்றியதும் மூவ் கோரிக்கைக்கு 201 என்ற வெற்றி எண் வந்தது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

மற்ற எல்லாம் சரியான பிறகும் சில கோப்புகள் மட்டும் சேமிக்க மறுத்தன. எல்லாமே நீளமான தமிழ்ப் பெயர்கள். லினக்ஸ் கோப்பு முறையில் ஒரு பெயருக்கு எல்லை 255 பைட், எழுத்துக் கணக்கு இல்லை. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "தீ" என்ற ஒரே எழுத்து த, ஈகாரக் குறி என்று இரண்டு குறியீடு, 6 பைட். "தீர்மானம்" என்ற சொல்லுக்கே 27 பைட். ஆக மொத்தம் 85 குறியீடுகளுக்கு மேல் பெயர் தாங்காது. .டாவ் கோப்புறையில் அதே பெயரோடு .பேக் என்ற நான்கு பைட் சேர்வதால் நடைமுறையில் 83. அப்ளிகேஷன், தேதி, ஊர்ப் பெயர் என்று அடுக்கிப் பெயர் வைத்தால் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். எக்செலுக்கு முழுப் பாதையே 218 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு நுட்பம்: "கொ" என்ற எழுத்தை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. சர்வருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிந்தாலோ, கண்ணெதிரே இருக்கும் கோப்புக்கு 404 வந்தாலோ இதைச் சந்தேகியுங்கள். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயரைப் பிரித்தே வைக்கும், அங்கிருந்து நகலெடுத்து வந்தவை இப்படி மாறியிருக்கும். கோப்புப் பெயர்களின் குறியீட்டை மாற்றும் கன்வ்எம்வி கட்டளையால் கோப்புறை முழுவதையும் சேர்ந்த வடிவமான என்எஃப்சிக்கு மாற்றலாம். முதலில் நோட்டெஸ்ட் ஸ்விட்ச் இல்லாமல் ஓட்டினால் என்ன மாறும் என்று மட்டும் காட்டும், பார்த்துவிட்டு அதைச் சேர்த்து ஓட்டுங்கள்.

விடாத பூட்டு

வேர்ட் இடையில் செத்துப்போனாலோ மின்சாரம் போனாலோ அன்லாக் போகாது. அடுத்தவர் திறந்தால் 423, அதாவது பூட்டப்பட்டிருக்கிறது என்ற பதில். பூட்டின் ஆயுளைக் கிளையண்ட்தான் கேட்கிறது, பெரும்பாலும் 3600 வினாடி. ஒரு மணி நேரம் பொறுத்தால் தானாக விடும். பொறுக்க முடியாவிட்டால் கடாவர் என்ற வெப்டாவ் கருவியில் டிஸ்கவர் கட்டளை யாருடைய பூட்டு என்று காட்டும், ஸ்டீல் கட்டளையால் அந்தப் பூட்டைக் கைப்பற்றி அன்லாக் செய்யலாம். பூட்டு போட்ட அதே பயனர் பெயரில் லாகின் செய்திருந்தால்தான் இது நடக்கும். வேறு பெயரில் முயன்றால் அப்பாச்சி 403 சொல்லி மறுக்கும். எதுவும் முடியாவிட்டால் அனைவரையும் கோப்புகளை மூடச் சொல்லி, அப்பாச்சியை நிறுத்தி, பூட்டுத் தரவுத்தளத்தின் இரண்டு கோப்புகளையும் அழித்துத் தொடங்கலாம். யாராவது திருத்திக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால் அவர்கள் போட்ட பூட்டு மறைந்து, ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதிவிடுவார்.

லினக்ஸ் கணினிகளில் டாவ்எஃப்எஸ்2 என்ற மென்பொருள் வழியாகச் சர்வர் கோப்புறையை இணைத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. அது கோப்பை உள்ளூரில் வைத்துக்கொண்டு, மூடிய பிறகு 10 வினாடி கழித்துத்தான் சர்வருக்கு அனுப்பும். சேவ் செய்த உடனே மடிக்கணினியை மூடினால் கோப்பு போயிருக்காது. அனுப்ப முடியாமல் போனவை இணைப்புக்குள் இருக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் கோப்புறையில் கிடக்கும். கோப்பு காணவில்லை என்று சொன்னால் அங்கே பாருங்கள். பாஸ்வேர்டு வைக்கும் சீக்ரெட்ஸ் கோப்பின் அனுமதி 600 ஆக இல்லாவிட்டால் இணைக்கவே மறுக்கும்.

எல்லாம் முடிந்ததும் லிட்மஸ் என்ற சோதனைக் கருவியை வெளிக் கணினி ஒன்றிலிருந்து, என்ஜின்எக்ஸ் வழியாக ஓட்டினோம். சர்வர் முகவரி, சோதனைக்கான பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் அடிப்படை, நகல்-நகர்த்தல், பண்புகள், பூட்டுகள் என்று பிரிவு பிரிவாகச் சோதித்து முடிவு சொல்லும். டெஸ்டினேஷன் திருத்தம் இல்லாத நிலையில் நகல்-நகர்த்தல் பிரிவிலேயே விழுந்தது, திருத்தம் போட்டபின் தேறியது. 8080 போர்ட்டில் நேராக ஓட்டினால் இந்தக் கோளாறு தெரிந்திருக்காது, ப்ராக்ஸி வழியாகத்தான் ஓட்ட வேண்டும். கடைசியாக, அறுந்துபோன பதிவேற்றங்கள் விட்டுச் சென்ற .டாவ்எஃப்எஸ்.டிஎம்பி என்று தொடங்கும் மறைந்த கோப்புகளில், ஒரு நாளைக்கு மேல் பழையவற்றைத் தினமும் இரவில் நீக்க, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி சேர்த்தாயிற்று.